பதினாறாவது படம்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

சேலையூர்,
7 ஜூலை 2025

மதிப்பிற்குரிய உமர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கைப்பேசி எண் மாறியிருக்கலாம். அல்லது என் எண்ணைத் தாங்கள் தடுத்து வைத்திருக்கலாம். இரண்டில் எது உண்மை என்று ஊகிப்பது முறையாகாது. ஆகவே தபாலில் எழுதுகிறேன். நாம் பேசிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கான காரணத்தைத் தாங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஒரு கேள்வியின் பொருட்டு எழுத வேண்டியிருக்கிறது. அதற்குரிய விவரங்கள் பின்வருமாறு:

1. தாம்பரத்தில் வழக்காடுவதைச் சென்ற ஆண்டோடு நிறுத்திவிட்டேன். தாங்கள் எழுதித் தந்த ‘கு. யக்ஞநாராயணன், வழக்கறிஞர்’ என்ற பலகை மட்டும் வாசலில் இன்னும் இருக்கிறது. கழற்ற மனம் வரவில்லை.

2. சிறுவர்களுக்காக நான் எழுதியவற்றைப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வியாழன்தோறும் காலை பதினொரு மணிக்கு, ஏதாவது ஒரு வகுப்பறையோடு வீடியோவில் நாற்பது நிமிடம் பேசுகிறேன். நான் வீட்டு மேசையில். அவர்கள் சுவரில் பெரிய திரைக்கு முன்னால். முன்பின் அறியாதவர்கள் உள்ளே நுழைந்துவிடாதபடி ‘காத்திருப்பு அறை’ என்றொரு ஏற்பாடு உண்டு. நான் அனுமதித்தால்தான் எவரும் வர முடியும். அதை நான் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன்.

3. கடந்த 3ஆம் தேதி, தங்கள் பல்லாவரத்திலேயே ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பு. ஆசிரியை நாகலக்ஷ்மி. புத்தகம், நான் எழுதித் தாங்கள் படம் வரைந்த ‘மூன்றாம் மாடி ஆடு’. சந்தையிலிருந்து தப்பிய ஆடு குரோம்பேட்டை அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறிச் செயலாளரின் கறிவேப்பிலையைத் தின்றுவிட்டுத் தானாகவே இறங்கிப் போகும் கதை. வாசித்து முடித்தேன். தௌசிப் என்றொரு மாணவன் எழுந்தான். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

“சார், எல்லாப் படத்துலயும் ஒரு ஒத்தச் செருப்பு கீது. அது யாருது சார்?”

“எந்தச் செருப்பு, தம்பி?”

“இன்னா சார், புக்கு எழுதினவரு நீங்க. எங்கள கேக்கறீங்க?”

மிருதுளா என்ற பெண் குறுக்கிட்டாள். “டேய், சார டென்ஷன் பண்ணாத. சார், லிஃப்ட் கதவுல மாட்டிக்கினு இருக்கு பாருங்க. வாட்ச்மேன் சேருக்கு அடியில. அப்புறம் செக்ரட்டரி மாமா கறிவேப்பிலைத் தொட்டில.”

“ஆடுதான் திருடிச்சு,” என்றான் பின்வரிசையில் ஒருவன். “ஆடு ஒண்ணும் திருடல!” என்று தௌசிப் அவன் மேல் பாய்ந்தான். ஆசிரியை பிரம்பால் மேசையைத் தட்ட வேண்டியதாயிற்று.

4. அன்று மாலை பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். பதினைந்து படங்கள், பதினைந்திலும் சிவப்பு வார் வைத்த ஒரு குழந்தையின் இடது கால் செருப்பு. அந்தப் புத்தகத்தை அச்சுக்கு முன் ஏழு முறை திருத்தியவன் நான். எழுத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று தெரிகிறது.

5. விடையை 17ஆம் தேதி சொல்வதாக நாற்பத்திரண்டு குழந்தைகளின் முன்னிலையில் வாக்களித்திருக்கிறேன். விடை அறிந்தவர் தாங்கள் ஒருவரே.

ஆகவே அந்தச் செருப்பு யாருடையது என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கு. யக்ஞநாராயணன்


பல்லாவரம்,
14.7.2025

வக்கீல் சார் அவர்களுக்கு,

வணக்கம். உங்க பதிவுத் தபால் வந்தப்போ நான் வேலைக்குப் போயிருந்தேன். சம்சாரம் ஹஃபீசாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கவர்ல வக்கீல் சீல். அவள் அதைப் பிரிக்காமலே, “யாரு மேல கேஸு? இன்னா பண்ணீங்க?”ன்னு தோல் கம்பெனிக்கே போன் பண்ணிட்டாள். தோலுக்கு அளவு வரைஞ்சு வெட்டிக்கினு இருந்தவன் கத்தியக் கீழ போட்டுட்டு ஓடி வந்தேன். வந்து பார்த்தால் ஒரு செருப்பு யாருதுன்னு கேட்டு ஒரு நோட்டீசு, அஞ்சு பாயிண்ட்டோட.

நலம் விசாரிக்க ஒரு வரி இல்லை. பரவாயில்லை, அது உங்க பழக்கம்.

நான் உங்களுக்குக் கொடுத்தது பதினாறு படம். புத்தகத்துல வந்தது பதினைந்து. செருப்பு யாருதுன்னு பதினாறாவது படத்துல இருக்கு. அது ஏன் புத்தகத்துல வரலைன்னு என்னைக் கேக்காதீங்க. உங்க ஃபைலைக் கேளுங்க. நீங்க எதையும் தூக்கிப் போட மாட்டீங்களே.

உமர்


சேலையூர்,
19 ஜூலை 2025

அன்புள்ள உமர் அவர்களுக்கு,

முதலில் மன்னிப்பு. சீல் வைத்த உறையைப் பார்த்து ஒரு வீடு பதறும் என்பது, வாழ்நாள் முழுவதும் அத்தகைய உறைகளையே அனுப்பிய எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஹஃபீசா அவர்களிடம் என் வருத்தத்தைத் தெரிவியுங்கள். இந்தக் கடிதம் சாதாரணத் தபாலில் வருகிறது. நீங்கள் நலமா? உங்கள் மகள் நலமா? முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவை இவை.

கோப்பைத் தேடி எடுத்தேன். 2013 மார்ச் 11ஆம் தேதி பதிப்பாளர் ஏகநாதனுக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறது. அதில் மூன்றாம் பத்தி: “படம் 16 குறித்து எவரேனும் ஆட்சேபிக்கக்கூடும் என்பதால், முன்னெச்சரிக்கையாக அது நீக்கப்படுகிறது. கதை எழுத்தோடு முடியட்டும்.” அதன் கீழே உங்களுக்கு அனுப்பிய சீட்டின் நகல்: “இணைப்பிலுள்ள படம் தேவைப்படவில்லை. நன்றி.” இரண்டிலும் என் கையொப்பம்.

அந்தப் படம் நினைவுக்கு வந்துவிட்டது. முழுதாக இல்லை. ஒரு சந்து, பிறை பொறித்த பச்சைக் கதவு, தலையில் முக்காடிட்ட ஒரு சிறுமி, ஆடு. அவள் காலை நான் பார்க்கவில்லை. முக்காட்டையும் கதவையும் பார்த்தேன். ஏதாவதொரு பள்ளி நிர்வாகம் புத்தகத்தை வாங்கத் தயங்கலாம் என்று எண்ணினேன். அந்நாளில் அது எனக்கு நியாயமான எச்சரிக்கையாகப் பட்டது. அப்படிப் பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். அது நியாயம் என்று வாதிடவில்லை.

17ஆம் தேதி வகுப்பில், விஷயம் விசாரணையில் இருக்கிறது என்றேன். தௌசிப்பின் தந்தைக்கு நீதிமன்ற வாசலில் ஜெராக்ஸ் கடை என்பது எனக்குத் தெரியாது.

“சார், வாய்தா வாங்கறீங்க,” என்றான்.

“அப்படியில்லை, தம்பி. ஆவணம் கிடைக்க வேண்டும்.”

“எங்கப்பா சொல்லுவாரு, வக்கீலுங்க அப்படித்தான் சொல்லுவாங்கன்னு.”

நாகலக்ஷ்மி ஆசிரியை சிரிப்பை அடக்கத் திரையிலிருந்து விலகிக்கொண்டார். நான் அடுத்த நாளாக ஆகஸ்டு 14ஐக் குறித்துக் கொடுத்தேன். இனி ஒத்திவைக்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் படம் உங்களிடம் இருக்குமானால், ஒரு நகல் கிடைக்குமா?

அன்புடன்,
யக்ஞநாராயணன்


பல்லாவரம்,
28.7.2025

வக்கீல் சார்,

படம் என்கிட்ட இல்லை, புக்கு வந்த ராத்திரியே குப்பைக்கூடையில போட்டுட்டேன். ஒரு வரியில பதில் முடிஞ்சிடும். ஆனால் நீங்க “முழுதாக நினைவில்லை”ன்னு எழுதினதைப் படிச்ச பிறகு மனசு ஆறலை. முழுசாச் சொல்றேன்.

முதல் படத்துக்கு முன்னாடி, ஆட்டுக்குப் பின்னாடி ஒரு பொண்ணு சந்தையில ஓடி வரா. சேத்துல செருப்பு ஒண்ணு மாட்டிக்குது. ஆடு அதை வாயில கவ்விக்கினு போகுது. லிஃப்டு, வாட்ச்மேன், மூணாவது மாடின்னு அங்கங்கே போட்டு எடுத்துச் சுத்திட்டுக் கடைசியில அவ வூட்டு வாசல்ல வந்து, அவ கால்கிட்ட அந்தச் செருப்பை வைக்குது. ஒரு கால்ல செருப்பு, ஒரு கால் வெறும் கால், மூஞ்சி முழுக்கச் சிரிப்பு. அதுதான் பதினாறு. உங்க எழுத்துல இல்லாத கதை. உங்களுக்குச் சொல்லாமல் வரைஞ்சேன். கடைசிப் படத்தைப் பார்த்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்த் தேடிப் பார்த்து, என்னைத் திட்டி, அப்புறம் சிரிப்பீங்கன்னு நெனைச்சேன்.

அந்தப் பொண்ணு எங்க ஆஃபியா. அப்போ ஏழு வயசு. அரபிப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அந்த முக்காட்டோடயே, அந்தப் பச்சைக் கதவுகிட்ட மூணு சாயங்காலம் அசையாம உக்காந்தா. நான் புக்குல வரப்போறேன்னு தெரு பூராச் சொல்லி வெச்சிருந்தா.

புக்கு பார்சல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அவதான் பிரிச்சா. நேராக் கடைசிப் பக்கம். இல்லை. “அத்தா, ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சா?”ன்னு கேட்டா. வெரல எச்சில் தொட்டு அந்தக் கடைசித் தாளைத் தேய்ச்சிகினே இருந்தா, பிரியும் பிரியும்னு. தாளு ஓட்டையானதுதான் மிச்சம். பிரஸ்ல தப்பு நடந்திடுச்சுன்னு பொய் சொன்னேன். அதுக்கு முன்னாடி என் பொண்ணுகிட்ட நான் பொய் சொன்னதில்லை.

நீ பல்லாவரம் சந்தையை வெச்சிக்கினே. ஆட்டை வெச்சிக்கினே. அந்தச் சந்தைக்குப் போற எங்களை மட்டும் எடுத்துட்டே. எடுத்ததுக்கு ‘நன்றி’ன்னு வேற எழுதினே.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எவரேனும் ஆட்சேபிக்கக்கூடும்னு எழுதினியே, யாரு ஆட்சேபிச்சாங்க? பேரைச் சொல்லு. அது தெரியாமல் எனக்கு இனிமே எழுத வேண்டாம்.

உமர்


சேலையூர்,
9 ஆகஸ்டு 2025

உமர்,

உன் கடிதத்தின் பாதியில் ‘நீங்கள்’ போய் ‘நீ’ வந்துவிட்டது. கோபத்தில் வந்திருந்தாலும் அதை அனுமதியாக எடுத்துக்கொள்கிறேன்.

பெயரைச் சொல் என்கிறாய். கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை மூன்று நாட்கள் படித்தேன். பள்ளிகள் எழுதிய கடிதங்கள், பெற்றோர் எழுதியவை, கறிவேப்பிலைச் செயலாளர் தன்னையே குறிப்பதாக நினைத்துச் சண்டைக்கு வந்த குரோம்பேட்டை மனிதரின் கடிதம், எல்லாம் இருக்கின்றன. பிறையைப் பற்றியோ முக்காட்டைப் பற்றியோ ஒரு வரி இல்லை. இருக்கவும் முடியாது, உன் வீட்டுக்கு வெளியே அந்தப் படத்தை என்னையும் ஏகநாதனையும் தவிர எவரும் பார்க்கவில்லை.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: ஒருவரும் இல்லை. இல்லாத ஒருவர் சார்பில் நானே ஆட்சேபித்தேன், நானே தீர்ப்பெழுதினேன், பாதிக்கப்படுகிறவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறொரு வழக்கறிஞர் இப்படிச் செய்திருந்தால் அதைக் கிழித்தெறிய எனக்கு ஐந்து நிமிடம் போதும். எச்சரிக்கை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அது கோழைத்தனம்.

ஆஃபியா கடைசித் தாளைத் தேய்த்தாள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபின் என்னிடமிருந்த பிரதியின் கடைசித் தாளை நான் தொட்டுப் பார்த்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

செய்ய வேண்டியவற்றை முடிவு செய்துவிட்டேன். ஐந்தாம் பதிப்பு அச்சுக்குத் தயாராக இருந்தது. நிறுத்தச் சொன்னேன். ஏகநாதன், “சார், பிளேட்டு போட்டாச்சு. பன்னெண்டு வருஷமா நல்லாத்தானே போகுது, இப்ப ஏன் பேஜாரு?” என்றார். படம் 16 இல்லாமல் அந்தப் புத்தகம் இனி வராது என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். படம் கிடைக்காவிட்டால் புத்தகமும் இல்லை. நீ மறுத்தாலும் இல்லை. நீ இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாவிட்டாலும் இதில் மாற்றமில்லை.

14ஆம் தேதி, பதினொரு மணிக்கு, அந்த நான்காம் வகுப்பில் நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன். செருப்பு யாருடையது என்பதையும், அவளைப் புத்தகத்திலிருந்து எடுத்தவர் யார் என்பதையும். நாகலக்ஷ்மி ஆசிரியை, “சின்னப் பசங்க சார், இதெல்லாம் சொல்லணுமா?” என்று கேட்டார். பதினைந்து செருப்புகளைக் கண்டுபிடித்தவர்களுக்கு இதைத் தாங்கத் தெரியும் என்றேன்.

வகுப்பில் சேர்வதற்கான முகவரியைத் தாளின் அடியில் எழுதியிருக்கிறேன். நீ வருவாய் என்று எதிர்பார்த்து அல்ல. உன்னைப் பற்றிப் பேசப்படும் இடம் எது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

யக்ஞநாராயணன்


சேலையூர்,
16 ஆகஸ்டு 2025

அன்புள்ள உமர்,

பதில் வரவில்லை. ஆயினும் 14ஆம் தேதி நடந்தவற்றை நீ அறிந்தாயா என்பது எனக்குத் தெரியாததால், அறியாதவன் என்றே கொண்டு எழுதுகிறேன்.

பேச வேண்டியதை இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். முதல் பத்தியைப் படித்தேன். மிருதுளா கையைத் தூக்கினாள்.

“அந்தப் படத்த ஏன் சார் எடுத்தீங்க?”

“பயந்துவிட்டேன், அம்மா.”

“யாருக்கு?”

“தெரியவில்லை.”

“யாருன்னே தெரியாதவங்களுக்கெல்லாமா பயப்படுவீங்க?”

அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ளக் கேட்டாள். அந்த இரண்டு பக்கத்தை அதற்கு மேல் படிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன். உன் கடிதத்தில் நீ சொன்ன கதையை, சேற்றில் மாட்டிய செருப்பிலிருந்து வாய்மொழியாகச் சொன்னேன். “பாத்தியா, ஆடு திருடலன்னு நான் அப்பவே சொன்னேன்ல!” என்று தௌசிப் பெஞ்சின் மேல் ஏறி நின்றான். “அப்போ படத்தக் காட்டுங்க சார்,” என்றார்கள் எல்லாரும். படம் என்னிடம் இல்லை என்றேன். அத்தனை முகங்களும் சட்டென்று வாடியதைத் திரையில் பார்க்கிற தண்டனை எனக்குத் தகும்.

அப்போதுதான் ஆசிரியை, “சார், யாரோ வெளிய நிக்கறாங்க,” என்றார். காத்திருப்பு அறையில் ஒரு பெயர்: ஆஃபியா உமர்.

முன்னறிவிப்பில்லாத எவரையும் நான் உள்ளே விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். உண்மையைச் சொல்கிறேன்: அந்தப் பெயரைப் பார்த்தும் என் விரல் ஒரு கணம் நின்றது. வந்து என்ன சொல்வாளோ என்ற அதே பழைய பயம். பிறகு அழுத்தினேன்.

காட்டாங்குளத்தூர்க் கல்லூரியின் படிக்கட்டு ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். “சாரி சார், கிளாஸ் முடிய லேட் ஆயிடுச்சு,” என்றாள். “அத்தாவுக்குத் தெரியாது. உங்க லெட்டரு ஃபிரிட்ஜு மேல இருந்துச்சு, நான் போட்டோ எடுத்துக்கினேன்.” பிறகு மார்க்‌ஷீட்டுகள் வைக்கும் உறையைத் திறந்து, ஒரு தாளை எடுத்துக் கேமராவுக்கு முன் பிடித்தாள். நீ தூக்கி எறிந்ததைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, பன்னிரண்டு வருடமாக வைத்திருக்கிறாள், உமர். நடுவில் ஒரு மடிப்பு இருக்கிறது. மற்றபடி நலமாக இருக்கிறது.

பிள்ளைகள் பெஞ்சுகளை விட்டுத் திரையருகே வந்து நின்றார்கள். பிறகு மிருதுளா, “அக்கா, நீங்கதான் அந்தப் பொண்ணா?” என்று கேட்டாள்.

“அப்போ நானு.”

“செருப்பு கெடச்சுதா?”

“கெடச்சுது,” என்றாள் ஆஃபியா. “கொஞ்சம் லேட்டா.”

நாற்பத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “கடைசித் தாளை நான் ஓட்டை பண்ணிட்டேன் சார், புது புக்கு ஒண்ணு குடுத்துடுங்க,” என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தில் உன் சாயல், பதிலிலும்தான்.

ஐந்தாம் பதிப்பு உன் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. வழக்கம்போல் ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்து இணைக்க உட்கார்ந்தேன். எழுதவில்லை. இம்முறை நிபந்தனைகளை நீ எழுது. நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடுகிறேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு தாளிலும் நான் கையெழுத்திட்டதில்லை.

என்றும்,
யக்ஞன்


பல்லாவரம்,
22.8.2025

வக்கீலே,

ஃபிரிட்ஜு மேல லெட்டரை வெச்சது நான்தான். அவ கண்ணுல படுற இடம் அதுன்னு எனக்குத் தெரியும். ஆனால் படம் அவகிட்ட இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நான் அதைக் கூடையில போட்ட ராத்திரியே எடுத்திருக்கா, கழுதை. போன வாரம் வூட்டுக்கு வந்து என் முன்னாடி வெச்சா. ஹஃபீசா அதை இஸ்திரி போட்டு மடிப்பை எடுக்கப் பார்த்தா. நான் வேணாம்னேன். மடிப்போடயே அச்சாகட்டும்.

படிக்காமலே கையெழுத்துப் போடறேன்னு எழுதியிருக்கே. அப்படியெல்லாம் போடாதே, உனக்கு உடம்புக்கு ஆகாது. என் நிபந்தனை ரெண்டுதான், இங்கேயே படிச்சிக்கோ.

பதினாறாவது படத்துக்குக் கீழே நீ ஒரு வரிகூட எழுதக் கூடாது. அது படத்தோட முடியட்டும்.

ரெண்டாவது, உன் வாசல் பலகை. பன்னெண்டு வருஷ வெயில்ல பெயிண்ட் உரிஞ்சிருக்கும். ‘வழக்கறிஞர்’னு இருக்கிற இடத்துல என்ன எழுதணும்னு நான் முடிவு பண்ணிட்டேன், உன்கிட்ட கேக்கப் போறதில்லை. வர வியாழக்கிழமை லீவு போட்டுட்டு பிரஷ்ஷோட வரேன். பத்தரைக்கு வந்துடுவேன். வேலையை ஆரம்பிச்சிட்டு, பதினோரு மணிக்கு உன் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்து, அந்தப் பசங்களுக்கு ஆடு வரையக் கத்துக் கொடுக்கறேன். அந்தத் தௌசிப்பை எனக்குப் பார்க்கணும்.

வெளியில காத்திருப்பு அறையில எல்லாம் நிக்க மாட்டேன். கதவைத் திறந்து வை.

உமர்